பூவும் பொழுதும்: விடுப்பு விண்ணப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு என்ன நுதலிற்றோ எனின், ஜப்பானுக்குப் போய் செர்ரிப்பூ பார்த்துவர விரும்பும் ஒருவர் எந்தத் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை ஆராய்தல் நுதலிற்று. பூவின் அழகு ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அதைப் பாட வேண்டியவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடி முடித்துவிட்டார்கள். பூ நிலையாமையை உணர்த்துகிறது என்னும் கொள்கையையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. விடுதி அறையைக் கட்டணமின்றி ரத்து செய்வதற்கான கெடு அந்தப் பூவுக்கும் முன்பே உதிர்ந்துவிடுவதால், நிலையாமைக்கு அதுவே வலுவான சான்று என்க.

முதற்கண் சிக்கலின் இயல்பு. விமானச் சீட்டை நாலைந்து மாதம் முன்னதாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். கியோட்டோவில் ஏப்ரல் முதல் வாரத்துக்கு நல்ல அறை வேண்டுவோரும் அப்போதே பணம் கட்டியாக வேண்டும். ஜப்பானின் ஒருமுறை நுழைவு விசாவோ கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதமே செல்லும். ஆகவே சீட்டு வாங்கும் வேளையில் விசா கேட்பதில் பயனில்லை. அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதி கேட்பார்கள். இப்படி எல்லோரும் தேதி கேட்கிறார்கள். தேதி சொல்ல வேண்டிய மரம் மட்டும் வாய் திறப்பதில்லை.

சராசரியை நம்பலாமே என்பாரும் உளர். டோக்கியோவில் பூ திறக்கும் சராசரி நாள் மார்ச் 24, முழு மலர்ச்சி மார்ச் 31. கியோட்டோவில் முறையே மார்ச் 26, ஏப்ரல் 4. இவை 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுக் கணக்கு, பிழையற்றது. ஆனால் யாரும் முப்பது ஆண்டுக்குச் சேர்த்து விடுப்பு எடுப்பதில்லை. மார்ச் 22 முதல் 29 வரை டோக்கியோவில் தங்கும் ஒருவரை ஆய்வுப்பொருளாகக் கொள்வோம். 2023இல் வந்திருந்தால், அவர் பெட்டியை இறக்கிய அன்றே நகரம் முழு மலர்ச்சியில் இருந்திருக்கும். 2024இல் அதே தேதிக்கு வந்தவர் ஏழு நாளும் மொட்டையே பார்த்திருப்பார். மார்ச் 29 அன்று, அவர் விமான நிலையத்துக்கு ரயிலேறும் நாளில், பூ திறந்ததாக அறிவிப்பு வந்தது. சீட்டும் விடுப்பும் இரு ஆண்டும் ஒன்றே.

அறிவிப்பது யார் என்ற வினா இங்கே எழும். ஜப்பானிய வானிலைத் துறை. டோக்கியோவுக்கென்று அத்துறை வைத்திருக்கும் மாதிரி மரம் யசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. துறையின் அலுவலர் நேரில் வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் மலர்ச்சி தொடங்கியதாகப் பொருள். நான்கு என்றால் இன்னும் வசந்தம் இல்லை. சூழ நிற்கும் தொலைக்காட்சிக் காமிராக்களும் அவரும் மறுநாள் திரும்ப வரவேண்டும். எண்பது விழுக்காடு விரிந்தால் முழு மலர்ச்சி. 2020 மார்ச் 14 அன்று பனி விழுந்துகொண்டிருக்கும்போதே எண்ணி முடித்து, அதுவரையிலான பதிவுகளில் மிக முந்திய மலர்ச்சி என்று அறிவித்தார்கள். ஐந்து பூவுக்குக் கணக்கு வைத்திருக்கும் அரசாங்கத்தின்மேல் இக்கட்டுரையாளனுக்குத் தனி மரியாதை உண்டு.

இதே துறை முன்பு ஆரூடமும் சொல்லி வந்தது. 2007இல் கணினி நிரலில் நேர்ந்த கோளாற்றால் டோக்கியோ உள்ளிட்ட சில நகரங்களின் தேதி பிசகி, அதிகாரிகள் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. புயலைத் தவறாகச் சொன்னால் விளக்கம் போதும், பூவைத் தவறாகச் சொன்னால் தலைகுனிய வேண்டும் என்பது இதனால் பெறப்படும். 2010 முதல் துறை ஆரூடத்தைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டது. நிறுவனங்கள் ஜனவரி முதலே தேதி வெளியிடுகின்றன. பிறகு வாரந்தோறும் திருத்துகின்றன. திருத்தம் துல்லியமாகும்போது சீட்டின் விலை ஏறியிருக்கும். துல்லியமும் மலிவும் ஒருங்கே வாய்ப்பதில்லை என்பதை இயற்பியலார் இன்னும் கவனிக்கவில்லை.

இனி, தானே கணித்துக்கொள்ள முனைவார்க்கு ‘600 பாகை விதி’ ஒன்று உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 600 செல்சியஸ் பாகையைத் தொடும் வேளையில் பூ திறக்கும். டோக்கியோவின் பிப்ரவரி உச்சம் சராசரி 11 பாகை எனக் கொண்டால் 28 நாளில் 308. மீதி 292ஐ மார்ச் மாதத்து 14 பாகையால் வகுக்க, ஏறத்தாழ 21 நாள். ஆக, மார்ச் 21. காகிதத்தின் பின்புறத்தில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை.

இவ்விதியைச் சென்னையில் இட்டுச் சோதித்தல் ஆய்வு நேர்மையின்பாற்படும். நாளுக்கு 30 பாகை என்று குறைத்தே வைத்தாலும் இருபதே நாளில் 600 வந்துவிடும். எனவே பிப்ரவரி 20 அன்று மெரினாவில் செர்ரி பூத்தாக வேண்டும். பூக்கவில்லை. காரணம் விதியின் மறுபாதியில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான மொட்டு முந்திய கோடையிலேயே உருவாகி உறங்கிவிடும். அந்த உறக்கத்தைக் கலைக்கக் குளிர்காலத்தின் கடுங்குளிர் வேண்டும். கலைந்த பிறகுதான் வெப்பம் அதை வளர்க்கும். குளிரே படாத மொட்டுக்கு எத்தனை பாகை கூட்டிக் கொடுத்தாலும் செல்லாது. இதனால்தான் குளிர்காலம் மிதமாகப் போன ஆண்டுகளில், தெற்கே வெதுவெதுப்பான ககோஷிமாவை வடக்கே இருக்கும் டோக்கியோ முந்திக்கொள்கிறது. தெற்கே போனால் முன்னதாகப் பார்க்கலாம் என்று எண்ணிச் சீட்டெடுத்தவர் நிலையை இவ்வாய்வு விரித்துரைக்க விரும்பவில்லை.

பூ ஏன் ஊர் முழுக்க ஒரே நாளில் திறக்கிறது? நகரப் பூங்காக்களில் நிற்பவை பெரும்பாலும் ‘சோமெய் யோஷினோ’ என்னும் ஒரே வகை. எடோ என்னும் பழைய டோக்கியோ நகரை ஒட்டிய சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பியது. தன் இனத்தோடு சேர்ந்து விதையிட்டுப் பெருகாது, ஒட்டுக்கட்டியே வளர்த்தாக வேண்டும். ஆகவே ஜப்பான் முழுவதும் இருப்பது மரபணுவில் ஒரே மரத்தின் படிகள். ஒரே வெயிலுக்கு எல்லாம் ஒரே மாதிரி விழித்துக்கொள்கின்றன. அவற்றைப் பார்க்க வருவோரும் அவ்வாறே விழித்துக்கொள்வதால், உயெனோ பூங்காவில் நீலத் தார்ப்பாய் விரித்து இடம் பிடிக்க, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞரைக் காலையிலேயே அனுப்பிவைக்கும் வழக்கம் தோன்றிற்று. பட்டம் படித்து வேலைக்குச் சேர்ந்தவரின் முதல் பணி தார்ப்பாயின்மேல் உட்கார்ந்திருப்பது. இத்துறையில் களப்பணி என்று கொள்ளத்தக்கது இது ஒன்றே.

வரலாற்றுத் தரவு ஏராளம். யாசுயுகி ஆவோனோ என்னும் ஆய்வாளர் அரசர், பிரபுக்கள், துறவிகள் ஆகியோரின் நாட்குறிப்புகளைத் துருவி, கியோட்டோவின் மலர்ச்சி நாட்களை கி.பி. 812 வரை பின்னோக்கித் திரட்டினார். குறித்து வைத்தவர்கள் அறிவியலுக்காகக் குறிக்கவில்லை. இன்ன நாளில் பூ விருந்துக்குப் போனோம் என்று எழுதினார்கள். அந்த விருந்துக் குறிப்பே இன்று புவி வெப்பமாதலுக்குச் சான்று. 1409இல் மார்ச் 27 அன்று வந்த முழு மலர்ச்சியே மிக முந்தியதாக அறுநூறு ஆண்டுக்கு மேல் நிலைத்தது; 2021இல் அது மார்ச் 26க்குப் போயிற்று. நம் விண்ணப்பதாரருக்கு இதிலிருந்து கிடைப்பது, முன்பைவிடச் சற்று முந்திப் போ என்பது மட்டுமே. அந்தப் பிரபுக்கள் கியோட்டோவிலேயே குடியிருந்தார்கள். அவர்களுக்கு விடுப்புச் சிக்கல் எழவில்லை.

பூவுக்கு நாள் பார்க்காமல், தான் குறித்த நாளுக்குப் பூவை வரவழைத்த ஒருவரும் உண்டு. 1598இல், அன்று ஜப்பானை ஆண்ட தொயொதோமி ஹிதெயோஷி, கியோட்டோவின் தாய்கோ ஆலயத்தில் விருந்து நடத்துவதற்காகச் சுற்று வட்டாரங்களிலிருந்து சுமார் 700 செர்ரி மரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார். விருந்தினர் ஏறத்தாழ 1,300 பேர். முறை சிறப்பானது, எனினும் நாட்டையே ஆள்பவர்க்கு மட்டும் பொருந்தும். அவரும் அவ்வாண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டதால் மறு சோதனை நடக்கவில்லை.

எஞ்சியவர்க்கு இக்கட்டுரையாளன் துணிபு இது: தேதியைத் தொடாதே, இடத்தை நகர்த்து. விடுப்பு கிடைத்த தேதி கல்லில் வெட்டியது. பூ இருக்கும் இடமோ நாளுக்கு நாள் வடக்கேயும் மேலேயும் நகர்வது. இதற்கு யோஷினோ மலையைவிடத் தெளிவான நிரூபணம் இல்லை. நாரா மாநிலத்து இம்மலையில் அடிவாரம், நடு, மேல், உள்மலை என நாலு அடுக்காகக் காட்டுச் செர்ரிகள். பூ அடிவாரத்தில் தொடங்கி வாரக்கணக்கில் மேலே ஏறுகிறது. முந்தி வந்தவர் அடிவாரத்தில் நிற்கலாம். பிந்தி வந்தவர் மூச்சு வாங்க மேலே ஏறலாம். காலத்தில் விட்டதை உயரத்தில் பிடிப்பதற்கு முழங்கால் மட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

நகரம்தான் வேண்டும் என்பார்க்கும் வழியுண்டு. கியோட்டோவில் எல்லாம் கொட்டிய பிறகு நின்னாஜி ஆலயத்துக் குட்டை மரங்கள் கண்மட்டத்தில் பூக்கும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டவர்கள் இவற்றையே விரும்புவர். ஒசாகாவில் நாணயம் அச்சடிக்கும் அரசு ஆலை, தன் வளாகத்துப் பின்பூக்கும் அடுக்குச் செர்ரிகளைப் பார்க்க 1883 முதல் ஏப்ரலில் ஒரு வாரம் போலக் கதவு திறக்கிறது. பாதை ஒருவழி. நின்று ரசித்தது போதும், நகருங்கள் என்னும் ஒழுங்கு நாணய ஆலைக்கே உரியது.

அதற்கும் பிந்தியவர் அதிவேக ரயிலேறி ஆவோமோரி மாநிலத்து ஹிரோசாகி போகலாம். அங்கே கோட்டை அகழியை உதிர்ந்த இதழ்கள் மூடியிருக்கும். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது என்பது இக்கோட்பாட்டின் ஒரே பலவீனம். ஏப்ரல் 29 கடந்தால் ஜப்பானியரின் தொடர் விடுமுறை வந்துவிடும், அறை கிடைக்காது. மே மாதமாகிவிட்டால் ஹொக்கைடோ. அதற்கும் வடக்கே சகலின் தீவு. செர்ரி அங்கேயும் உண்டு, ஆனால் அது ரஷ்யா, வேறு விசா.