நூறு சிசிக்கு ஒன்றரை லட்சமா?

போன இதழில் யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் பற்றி ஒரே ஒரு பதில் எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆகவே இந்த இதழ் முழுக்க டூ-ஸ்ட்ரோக் கேள்விகள்தான்.

● என் சித்தப்பா 2004-இல் பதினோராயிரத்துக்குத் தள்ளிவிட்ட வண்டி அது. இன்று அதே மாடலைப் புதுப்பித்து ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். இப்படியும் ஒரு விலை உண்டா சார்?
– வாசகர், திருச்செங்கோடு

1988-இல் பதினெட்டு வயதில் அந்த வண்டியைப் பார்த்து ஏங்கியவருக்கு இன்று ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அன்று பெட்ரோலுக்கே காசில்லை. இன்று வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, ஆசை மட்டும் பாக்கி இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஊருக்குப் பத்துப் பேர். வண்டியோ ஊருக்கு இரண்டு.

ஏக்கம் மட்டும் காரணமில்லை, சரக்கும் உண்டு. ஆர்எக்ஸ் 100-இன் என்ஜின் 98 சிசி, சக்தி 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ. இன்றைய ஹீரோ ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: 97 சிசி, ஏறக்குறைய 8 குதிரைத்திறன், 112 கிலோ. கிட்டத்தட்ட நாற்பது வருடம் முந்திய வண்டி எடையில் குறைவு, சக்தியில் கூடுதல். கிளட்சை விட்டதும் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும் என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை.

1985-இல் வந்தது, 1996-இல் நின்றது. அந்தப் பதினோரு வருடத்தில் ஓடியவற்றில் ஒரு பங்கைப் பையன்கள் பந்தயம் ஓட்டி நொறுக்கினார்கள்; ஒரு பங்கு பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போனது. உங்கள் சித்தப்பா பரவாயில்லை. முழு வண்டியாக விற்றிருக்கிறார்.

● டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் வித்தியாசத்தை என் மகளுக்குப் புரியும்படி சொல்லுங்களேன்.
– தாய், தஞ்சாவூர்

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை மேலே போய், இரண்டு முறை கீழே வந்தால் ஒரு தரம் வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் வெடிக்கும். வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள ஓட்டைகளைப் பிஸ்டனே திறந்து மூடிக்கொள்ளும். உறுப்பு குறைவு, எடை குறைவு, வேகம் அதிகம். உங்கள் மகள் கயிறு தாண்டுவாளா? ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தாண்டல், டூ-ஸ்ட்ரோக் சுற்றுக்கு ஒரு தாண்டல்.

● புகையை மறந்துவிட்டுப் புகழ்கிறீர்களே, நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

மறக்கவில்லை ஐயா. புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போதே எரிந்த புகை வெளியே போகும் வழியும் திறந்திருக்கும். உள்ளே வந்ததில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில்தான் அந்த நீலப் புகை. ஊரெல்லாம் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஓடிய காலத்தில் சிக்னலில் நின்றவர்களுக்குக் கண் எரிந்தது உண்மை. மாசு விதிகளை இறுக்கியது சரியான முடிவு. இந்த வண்டிகளை நேசிப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், தினசரி ஆபீசுக்குப் போக ஆர்எக்ஸ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். புகை குறைவான நல்ல 2டி ஆயில் போடுங்கள். அக்கம்பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

● யமஹா மறுபடி ஆர்எக்ஸ் 100 கொண்டுவருமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பெயர் வரலாம் தம்பி. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 மாசு விதியைத் தாண்டி அந்தப் பழைய என்ஜின் வர முடியாது. அந்தச் சத்தமும் வராது.

● எப்போது பார்த்தாலும் ஆர்எக்ஸ், ஆர்எக்ஸ்! எங்கள் ஊரில் செய்த வண்டிகள் என்ன பாவம் செய்தன?
– தொழிலாளி, ஓசூர்

உங்கள் கோபம் நியாயம். ஜப்பான் கூட்டில் நூறு சிசி பைக் முதலில் வந்தது உங்கள் ஊரிலிருந்துதான். 1984-இல் டிவிஎஸ் குழுமமும் சுசுகியும் சேர்ந்து இறக்கிய இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. ஆர்எக்ஸ் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. பிறகு சாமுராய், ஷோகன், மேக்ஸ் 100 என்று ஒரு வரிசையே வந்தது. 2001-இல் இரு நிறுவனங்களும் பிரிந்தன.

சுசுகியின் டூ-ஸ்ட்ரோக் வித்தைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் என்ற கம்பெனியில் வால்டர் காடென் என்ற பொறியாளர், டூ-ஸ்ட்ரோக்கின் உயிரே சைலன்சரில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். வயிறு பருத்து வால் சிறுத்த குழாயை அளவெடுத்துப் பொருத்தினால், வெளியே ஓடும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, எரியாமல் தப்பி ஓடும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டேக்னர். 1961-இல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் நாடு திரும்பவில்லை. அந்த ரகசியத்தோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே, 1962-இல், சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு சில வருடம் ஜப்பான்காரர்களை டூ-ஸ்ட்ரோக்கில் பிடிப்பது பெரும்பாடாயிற்று. அந்தக் கல்விதான் சுற்றிச் சுற்றி ஓசூர் வரைக்கும் வந்தது.

ஆர்எக்ஸுக்கு வைத்த பணம் பற்றாதவர்கள் சாமுராய் தேடுங்கள். விலை இன்னும் அந்த உயரத்துக்குப் போகவில்லை. குணத்தில் சாது, நீண்ட ஓட்டத்துக்கு உகந்தது.

● சைலன்சரின் உள்குழாயை உருவிவிட்டால் வண்டி பறக்கும் என்கிறான் நண்பன்.
– மாணவர், கோவை

மேலே உள்ள பதிலை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அளவெடுத்துச் செய்த சைலன்சரை வெற்றுக் குழாயாக்கினால் சத்தம் கூடும், இழுவை குறையும். கூடவே, சத்த விதியை மீறியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போட இடம் தருகிறது. ஒரிஜினல் சைலன்சர் இன்று கிடைப்பதற்கரிய பொருள். அதைக் கெடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

● எனக்கு 27 வயது. சேமிப்பில் 1,40,000 ரூபாய் இருக்கிறது. முதலீடாக ஒரு ஆர்எக்ஸ் வாங்கி வைக்கலாமா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

முதலீடு என்றால் வேண்டாம். தங்கம் பீரோவில் கிடந்தால் தங்கமாகவே இருக்கும். டூ-ஸ்ட்ரோக் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், கார்புரேட்டர் அடைக்கும், கிராங்க் சீல் காய்ந்து வெடிக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், அந்தக் கால ரப்பர் பாகங்களுக்கு ஆகாது. மாதத்தில் நாலு நாள் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வாங்குவதானால் பெயின்ட்டைக் கடைசியாகப் பாருங்கள். பளபளப்பு மயக்கும். முதலில் ஆர்சி புக். அதிலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண் பக்கத்தில் அரம் தேய்த்த தடம் இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஆர்எக்ஸ் 100 எண் 1எல்1 என்று ஆரம்பிக்கும். ஆர்எக்ஸ் 135 என்ஜினை உள்ளே வைத்து 100 என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே கிக் அடியுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் சொல்லாமல் போங்கள். கொஞ்ச நேரம் ஓடிய பிறகும் வெள்ளையாக, அடர்த்தியாகப் புகை வந்தால் கிராங்க் சீல் போய் கியர் ஆயிலைக் குடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அதற்கப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: "எத்தனை முறை போர் போட்டது?" சிலிண்டரின் உள்விட்டம் புதிதில் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு போருக்கும் கால் மில்லிமீட்டர் கூடும். நாலு தரம் போட்டால் 51. அதற்குமேல் சுவர் தாங்காது, ஸ்லீவ் அடிக்க வேண்டும். விற்பவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்றால் வண்டியைப் புதுப்பித்தவர் பெயின்டர், மெக்கானிக் இல்லை என்று அர்த்தம்.

● வின்டேஜ் வண்டி என்று பதிவு செய்துகொண்டால் சலுகை உண்டாமே?
– வாசகர், வேலூர்

50 வயது ஆக வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதி அது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், அன்றாட உபயோகத்துக்கும் அனுமதி இல்லை. முதல் ஆர்எக்ஸுக்கே 2035-இல்தான் 50 வயது. அதுவரை எல்லாப் பழைய வண்டியையும்போல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீசில் புதுப்பித்து, பசுமை வரி கட்டுவதுதான் வழி.

● நகை வாங்கலாம் என்றால் குரோம் பூசப் பணம் வேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். பின்சக்கரத்தின் சாரி கார்டையும் கழற்றி எறிந்துவிட்டார், வெளிநாட்டு வண்டி மாதிரி இருக்குமாம். நான் எங்கே உட்காருவது?
– இல்லத்தரசி, காரைக்குடி

குரோம் விஷயத்தில் உங்கள் இருவருக்கும் நடுவில் வர மாட்டேன். சாரி கார்டு விஷயத்தில் முழுக்க உங்கள் கட்சி. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் காப்பு இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அதோடு, இந்தியாவில் விற்ற ஆர்எக்ஸ் சாரி கார்டோடுதான் வந்தது. கழற்றியதால் ஒரிஜினல் தோற்றம்தான் கெட்டது. கழற்றிய கம்பியைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மாட்டிய அன்று சாயங்காலம் பிள்ளையார்பட்டி வரை கூட்டிப்போகச் சொல்லுங்கள் அம்மா.

● வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

உண்டு. 1971 இறுதியில் பிரிட்டன், பதினாறு வயதுப் பிள்ளைகள் மிதி உள்ள 50 சிசி வண்டிதான் ஓட்டலாம் என்று சட்டம் போட்டது. யமஹா உடனே மிதி வைத்து ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக் பைக்கைக் கொடுத்தது. எஃப்எஸ்1-இ என்று பெயர், செல்லமாக 'ஃபிஸ்ஸி'. அன்று அதை ஓட்டிய பையன்கள் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள், ஃபிஸ்ஸி விலையும் ஆயிரக்கணக்கான பவுண்டு. திருச்செங்கோட்டுக்காரருக்குச் சொன்ன பதில் அங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

● முப்பது வருடமாக டூ-ஸ்ட்ரோக் பார்க்கிறேன். ஒன்றரை லட்சம் கொடுத்து வண்டி வாங்குகிறவர், என் கூலியில் முந்நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறார்.
– மெக்கானிக், சேலம்

உங்கள் கடிதத்தைத்தான் நான் மூன்று தடவை படித்தேன் அண்ணா. இந்த விலையேற்றத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது என்றால் அது இதுதான். விற்றவருக்கு லாபம், தரகருக்குக் கமிஷன், பெயின்டருக்கு நல்ல காசு. வண்டியை வண்டியாக வைத்திருப்பவருக்கு முந்நூறு ரூபாய் குறைப்பு.

வாசகர்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். இந்த என்ஜினின் கிராங்க் அழுத்திப் பொருத்தியது. ராடு மாற்ற வேண்டுமானால் அதைப் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி சேர்த்து, தலைமுடியளவு கோணலும் இல்லாமல் நிமிர்த்த வேண்டும். கோணல் இருந்தால் கைப்பிடி அதிரும், பேரிங் போகும். ஒரு சீல் சரியாக உட்காராவிட்டால் அந்த வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்து, நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். பிளக்கைக் கழற்றி, அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பார்த்தே கார்புரேட்டரைத் திருத்தும் கண் இருக்கிறதே, அதற்கு ஸ்பேர் எந்தக் கடையிலும் கிடைக்காது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய டேங்க் கிடைக்கும், பழைய ஹெட்லைட் கிடைக்கும். இந்தக் கண் கிடைக்காது.

கூலியை ஏற்றுங்கள் அண்ணா. குறைக்கக் கேட்டால் தாராளமாக அடுத்த ஷெட்டுக்கு அனுப்புங்கள். மூன்றே மாதத்தில் திரும்பி வருவார். இன்னொன்றும் செய்யுங்கள். ஏற்றிய கூலியில் ஒரு பங்கு கொடுத்து ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்து வித்தை உங்களோடு நிற்கக் கூடாது.

● அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவருடைய 1991 மாடல் ஆர்எக்ஸ் திண்ணையில் நிற்கிறது, சாக்கு போட்டு மூடியிருக்கிறோம். நேற்று ஒருவர் வந்து எண்பதாயிரம் தருகிறேன் என்றார். எனக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். விற்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

அம்மா பதில் சொல்லிவிட்டார் தம்பி.

கடன் கழுத்தை நெரித்தால் விற்கலாம், அதில் தப்பில்லை. அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். வேறு வழியில் அடைக்க முடியுமானால் விற்காதீர்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் முதலில் பெயர் மாற்றுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்சி புக் எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்ப் படிவம் 31 கொடுங்கள். எல்லா வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும், அம்மாவின் கையெழுத்தும் சேர்த்து. பதிவைப் புதுப்பிக்கும் கெடு தாண்டியிருந்தால் அதையும் கூடவே முடியுங்கள். அந்தக் காகிதங்கள் சரியாகும்வரை, சாக்கை எடுத்துத் துடைத்து வைக்கலாம். ரோட்டில் மட்டும் எடுக்காதீர்கள்.