வழுக்கும் நீரும் வராத திருப்தியும்: கோலா பிலா குளியலறை குறித்து ஓர் ஆய்வு

சவுக்காரம் போட்டுக் குளிக்கும் ஒருவர் எந்தக் கணத்தில் குளித்து முடித்தவர் ஆகிறார்? தொல்காப்பியம் முதல் தோட்டப்புறம் வரை எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்ட தமிழறிஞர்கள் இந்தக் கேள்வியை மட்டும் ஏனோ ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். மலேசியாவின் கோலா பிலாவில் இது அன்றாடச் சிக்கல். சேலத்திலிருந்து தீபாவளிக்கு வந்திறங்கிய சித்தப்பா காலை ஆறரைக்குக் குளியலறைக்குள் போகிறார். ஏழாகியும் வெளியே வரவில்லை.

"சித்தப்பா, பசியாற வாங்க. தோசை ஆறுது."

"இன்னும் சோப்பு போவலம்மா. வழுவழுன்னு இருக்கு."

"அது சோப்பு இல்ல சித்தப்பா. எங்க ஊரு தண்ணியே அப்படித்தான்."

இந்த உரையாடலே இவ்வாய்வின் முதன்மை ஆவணம்.

முதலில் நிலவியல். கோலா பிலாவைச் சுற்றியிருப்பவை தித்திவங்சா மலைத்தொடரின் தெற்கு வால், பெரும்பாலும் கருங்கல். கருங்கல் கஞ்சப் பிசினாறி. அதன்மேல் எவ்வளவு மழை பெய்தாலும் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் எளிதில் விட்டுக்கொடுக்காது. அப்படி வெறுங்கையோடு இறங்கிவரும் நீர்தான் மூவார் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் ஓடி, சுத்திகரிப்பு நிலையம் வழியே வீட்டுக் குழாய்க்கு வருகிறது. ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் அது மென்னீர் என்பது பரவலான வரையறை. மலேசியக் குடிநீர்த் தரம் 500 வரை விட்டுவைக்கிறது. இந்தியத் தரம் 200 போதும் என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளும். அந்த 'வேறு வழியில்லாவிட்டால்' என்பதன் பொருள் தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சித்தப்பாவின் ஊரோ மெக்னீசியத்துக்கே பேர்போனது. சேலத்துச் சுண்ணாம்புக் கரடு என்று பெயரெடுத்த வெள்ளைக் குன்றுகள் உண்மையில் மெக்னசைட். அந்த மாதிரி மண்ணிலிருந்தும் திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்தும்தான் கங்காணிகள் ஆள் கட்டிக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது. வந்தவர்கள் பால்மரத்தையும் கொசுவையும் வெள்ளைக்காரத் துரையையும் சந்தித்த கதையை எழுதாதவர்கள் இல்லை. மென்னீரைச் சந்தித்த கதையைத்தான் எவரும் எழுதவில்லை.

ஊரில் அவர்களுக்குத் தண்ணீர் இரண்டு சாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. இரண்டுக்கும் தனித்தனிக் குடம். ஜுவாசே, ஜொகோல் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு இருப்பதோ ஒரே சொல், 'பைப்புத் தண்ணி'. ஒரு சொல் தேவையில்லாமல் போவதற்கு ஒரு மலையின் கஞ்சத்தனம் போதும் என்பது மொழியியலாளர் கவனத்துக்கு.

சீயக்காயின் நிலையும் பரிதாபமே. அதன் நுரை சப்போனின் என்ற பொருளால் வருவது. சுண்ணாம்பு கலந்த நீரிலும் திரியாது. கடின நீருக்குத் தமிழன் கண்ட மருந்து அது. நோயே இல்லாத ஊரில் மருந்துப் பொட்டலம் குளியலறைச் சன்னலில் பிரிக்கப்படாமல் இருக்கிறது, தீபாவளிக்கு மட்டும் ஒரு கை.

இனி சோதனை. அபெர்டீன் வேதியியலாளர் தாமஸ் கிளார்க் நீரின் கடினத்தை அளக்க 1840களில் ஒரு முறை வகுத்தார். சவுக்காரக் கரைசலைச் சிறிது சிறிதாக நீரில் விட்டுக் குலுக்க வேண்டும்; நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்க எவ்வளவு கரைசல் செலவாகிறதோ அதுவே கடினத்தின் அளவு. கோலா பிலா அடுக்களையில் ஒரு காலி சிராப் போத்தலில் இது செய்து பார்க்கப்பட்டது. சவுக்காரத் துண்டு விரல்நகம் அளவுதான். ஐந்து நிமிடம் கழிந்தது, நுரை நின்றது. பத்து நிமிடம், நின்றது. அதற்குமேல் போத்தல் தேவைப்பட்டதால் வீட்டம்மா கவிழ்த்துக் கழுவிவிட்டார். கழுவக் கழுவ நுரை வந்தது.

இங்கேதான் சித்தப்பாவின் பிழை புரிகிறது. கடின நீரில் சவுக்காரம் சுண்ணாம்போடு கூடித் தயிர்போலத் திரிந்து தோலில் படிகிறது. கையால் தேய்த்தால் கிறீச்சிடும் அந்தப் பிடிப்பைத்தான் அவர் அறுபது வருடமாகச் சுத்தம் என்று நம்பிவந்தார். உண்மையில் அது அழுக்கின் தம்பி. மென்னீரில் திரிவு இல்லை, தோல் வழுக்குகிறது. மனிதர் இல்லாத சவுக்காரத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

மற்ற விளைவுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கேத்தலின் அடியில் வெள்ளைக் காறை கட்டுவதில்லை. பருப்பு சீக்கிரம் குழைகிறது, ஏனென்றால் கால்சியம் பருப்பின் தோலை இறுக்கும். இங்கே இறுக்க ஆளில்லை. கித்தாப்பால் காய்ந்து தோலாய் ஒட்டிய சட்டைக் கையை மட்டும் எந்த மென்னீரும் வெல்லவில்லை. தோட்டத்துப் பொதுக் குழாயடியில் பெண்கள் அதை நகத்தால் நூல்நூலாக உரித்துத்தான் எடுத்தார்கள்.

மென்னீருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: பசி. கல்லிடம் கிடைக்காததைக் குழாயிடம் தின்னும். செம்புக் குழாய் இருந்தால் தொட்டியில் பச்சைநீலக் கறை விழும். 1859இல் கத்ரீன் ஏரியின் மென்னீரைப் பெற்ற கிளாஸ்கோ நகரம் சவுக்காரச் செலவு குறைந்ததென்று மகிழ்ந்தது. அந்த நீர் வீட்டு ஈயக் குழாய்களையும் கரைத்துவந்தது பிறகுதான் உறைத்தது. அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் நீருக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள், வெற்றிலைக்குத் தடவும் அளவறிந்த கையோடு.

பொருளாதாரக் கணக்கு கடைசி. சவுக்காரத்தில் மிச்சம்; நீரில் நட்டம். சித்தப்பா கூடுதலாக ஊற்றும் மூன்று வாளி, வாளிக்கு 15 லிட்டர் என்றால் 45 லிட்டர். 2024 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவில் வீட்டு நீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்ந்தது. ஆக, அவருடைய சந்தேகத்தால் அந்த உயர்வில் வீட்டுக்கு விழும் சுமை நாளொன்றுக்கு ஒரு சென். அதைக் கையில் வசூலிக்கலாமென்றால், 2008 ஏப்ரல் 1 முதல் கடைக் கணக்கை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுகிறார்கள். ஒரு சென் காசைப் புழக்கத்தில் காண்பதே அரிது. ஐந்து நாள் தங்கினால் கேட்கலாம்.

தோசை ஆறிவிட்டது. உள்ளே நாலாவது வாளி நிரம்பும் சத்தம்.