ஷெங்கன் அப்பா

மே மாதத்துக்கு ஆறேழு மாதம் இருக்கும்போதே இவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். லிப்ட்டில் ஏறியதும் மற்றவர்கள் மாடி எண்ணைப் பார்ப்பார்கள். இவர் போனில் ஆம்ஸ்டர்டாம் வானிலையைப் பார்ப்பார். "அங்க இன்னிக்குப் பதினோரு டிகிரி சார்" என்று கேட்காமலே சொல்வார். வெளியே வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் ஆட்டோ நின்றுகொண்டிருக்கும். அதைப் பற்றி அவரிடம் தகவல் இருக்காது.

வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, ஒன்றரை வயதுப் பையன் ஒருவன். பையன் சோற்றை 'மம்மு' என்றும் உலகில் மீதியுள்ள எல்லாவற்றையும் 'டா' என்றும் சொல்லும் பருவத்தில் இருக்கிறான். இந்த இருவரையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றையும் பன்னிரண்டு நாளில் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

டூர் கம்பெனியோடு போகலாமே என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "மந்தையா ஏத்தி மந்தையா இறக்குவான் சார். காலைல ஏழு மணிக்கு பஸ்ல ஏறலைன்னா விட்டுட்டுப் போயிடுவான். குழந்தைங்கள வச்சுக்கிட்டு அதெல்லாம் சரிப்படாது" என்பார். பிறகு தன்னுடைய எக்ஸெல்லைத் திறந்து காட்டுவார். அதில் காலை ஆறரைக்கே எல்லாரும் ரெடி.

அந்த எக்ஸெல்லை நான் பார்த்திருக்கிறேன். நாட்டுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு நிறம், சாப்பாட்டுக்குத் தனி நிறம். 9.10 முதல் 9.15 வரை 'பையன் உச்சா'. 11.40 முதல் 12.00 வரை 'பையன் அழுகை (உத்தேசம்)'. லூவர் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று தெரிந்த அன்று ராத்திரி உட்கார்ந்து சுவிட்சர்லாந்தையே இரண்டு நாள் தள்ளி வைத்தார். மனைவி கேட்டது ஒரே ஒரு இடம். டிட்லிஸ் மலைமேல் ஷாருக்கானும் கஜோலும் கட்-அவுட்டாக நிற்கிறார்களாம்; 1995-இல் வந்த அந்த இந்திப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த அம்மாளுக்கு ஓர் ஆசை. அதற்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தது, க்யூ உட்பட.

இவருடைய அப்பா அந்தக் காலத்தில் எல்.டி.சி.யில் குடும்பத்தை டெல்லிக்குக் கூட்டிப்போனபோது, மொத்தத் திட்டமும் கரோல்பாக்கில் இருந்த ஒன்றுவிட்ட மச்சானுக்கு எழுதிய ஒரு போஸ்ட்கார்டில் அடங்கிவிட்டது. 'ஐந்து பேர் வருகிறோம்.' மீதியை மச்சான் பார்த்துக்கொண்டார். ஐரோப்பாவில் இவருக்கு மச்சான் இல்லை. அதனால் எல்லாக் கவலையையும் இவரே படவேண்டியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குக்கூடச் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

விசாவுக்கு வருவோம். மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா, பெயர் ஷெங்கன். எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால் முதலில் காலெடுத்து வைக்கும் நாட்டிடம். இந்த விதியைப் படித்த நாளிலிருந்து அவர் ராத்திரிகளைக் கடத்த ஆரம்பித்தார். பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றால் பாரிஸிலிருந்து இரண்டு ராத்திரியை உருவி ஆம்ஸ்டர்டாமில் போடுவார். மறுநாள் அங்கேயும் கிடைக்காது. இரண்டும் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகனுக்குப் போய்விடும். மார்கழி முழுக்க, கேன்சல் செய்யக்கூடிய ஹோட்டல் புக்கிங்குகளாலேயே அவர் ஐரோப்பாவில் குடியிருந்தார்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பதினொரு வயதுவரை 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். பையனை அன்று தூக்கிக் கொஞ்சியதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சந்தோஷம் போட்டோ ஸ்டூடியோவரைதான். 35-க்கு 45 மில்லிமீட்டர். வெள்ளைப் பின்னணி, வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இது ஆகிற காரியமா? ஸ்டூடியோக்காரர் சாவிக்கொத்தை ஆட்டினால் சிரித்தான், நிறுத்தினால் அழுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி ஞானியைப் போல வெறித்தான். அந்த நொடியில் கரன்ட் போயிற்று.

பையனுக்கு மூக்கு ஒழுகுகிறது என்று குழந்தை டாக்டரிடம் போன இடத்தில், யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்தின் உயரம் 3,454 மீட்டர், அங்கே கைக்குழந்தைக்கு மூச்சு வாங்குமா என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசியிருக்கிறார். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு மூச்சு வாங்கியது.

பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் லிப்ட் கிடையாது. ஆகவே ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கையில் பையன், மறு கையில் மடித்த ஸ்ட்ரோலர், முதுகில் பை, காதில் ஸ்டாப்வாட்ச் சத்தம் என்று எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஏறி இறங்குவார். வாட்ச்மேன் முதல் வாரம் உதவிக்கு ஓடிவந்தார். அடுத்த வாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாட்டி தன் பங்குக்குப் பருப்புப் பொடி இடித்து, நெய்யும் காய்ச்சி வைத்துவிட்டாள். ஐரோப்பாவுக்குள் நெய் கொண்டுபோகக் கூடாது, பால் பொருள் என்றார் மகன். "கறிவேப்பிலையாவது கட்டித் தரேன்டா." சான்றிதழ் இல்லாமல் அதுவும் கூடாது. பின்னே என்னதான் விடுவான் என்று பாட்டி கேட்க, இவர் விதியைப் படித்துக் காட்டினார்: சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்து, அவற்றில் வாழைப்பழமும் தேங்காயும் உண்டு. பாட்டிக்கு ஐரோப்பாமேல் முதன்முறையாக மரியாதை வந்தது. வெற்றிலை பாக்கையும் சேர்த்துக்கொண்டால் தாம்பூலமே ஆயிற்று என்றாள்.

எக்ஸெல்லில் ஒரே ஒரு கட்டம்தான் கடைசிவரை நிரம்பவில்லை. நமக்கும் பாரிஸுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். சென்னையில் காலை ஆறு மணிக்கு எழுந்து கத்துகிற பையன் அங்கே இரண்டரைக்கே எழுந்து கத்துவான். பெண்ணோ ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயிலைப் பார்த்துவிட்டு, இருட்டவே இல்லை, ஏன் தூங்கணும் என்பாள். ஒன்று தூங்காது, இன்னொன்று எழுந்துவிடும். 'அதிகாலை 2.30' என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண்ணிடம் ஈஃபிள் டவர், பனிமலை, துலிப் தோட்டம் எல்லாவற்றையும் படம் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். அவள் ஹோட்டல் படம் ஒன்றில் விரலை வைத்து, "இதுல பாத்டப் இருக்கா?" என்றாள். இருந்தது. போதும் என்று விளையாடப் போய்விட்டாள்.

கடைசியில் விமான டிக்கெட்டில் வந்தது வினை. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்கார்ந்து, பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் போய்விடலாம். விமானம் ஏறும் நாளில் இரண்டு முடிந்திருந்தால் தனி சீட். பையனுக்குப் பயணத்தின் பத்தாம் நாள் இரண்டு முடிகிறது. போகும்போது மடி, வரும்போது சீட். முன்னால் நகர்த்தலாம் என்றால் பெண்ணுக்கு ஏப்ரல் கடைசிவரை பள்ளிக்கூடம். பின்னால் தள்ளினால் கோய்கன்ஹாஃப் துலிப் தோட்டத்தை மே இரண்டாம் வாரத்தோடு மூடிவிடுவார்கள். நாடுகளை நகர்த்தியவரால் ஒரு பிறந்தநாளை நகர்த்த முடியவில்லை.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று ஆராய்ந்தார். சிசேரியன் என்று முடிவானதும் நாள் நட்சத்திரம் பார்த்துக் குறித்துக் கொடுத்தது அவருடைய அப்பா. ஹாலில் விசாரணை நடந்தபோது நான் அங்கே பேப்பர் இரவல் வாங்கப் போயிருந்தேன்.

"டாக்டர் நாலு நாள் டைம் குடுத்தாங்க இல்ல? நீங்க ஏன்ப்பா முதல் நாளையே புடிச்சீங்க? மூணு நாள் தள்ளிப் பொறந்திருந்தா இன்னிக்கு முப்பதாயிரம் மிச்சம்."

"அன்னிக்கு அஸ்தம்டா. குரு பார்வை வேற. இந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டு யோகம் உண்டுன்னு ஜோசியரே சொன்னார்."

"யோகம் சரிப்பா. மடியிலயா, சீட்லயான்னு கேட்டீங்களா?"

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிஜமாகவே ஜாதக நோட்டைத் தேட எழுந்தார்.