கட்டுமரம் ஏறின பீரு

வா நைனா, குந்து. புதுச்சேரிக்குப் போய் வந்தியாமே? மூஞ்சி பளபளன்னு கீது. இன்னா சேதி?

பீரு குடிச்சியா? அதுவும் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊத்தற பீரா? கடைப் பேரு கேட்டமரன் ப்ரூயிங் கம்பெனியா? அடேயப்பா! நம்ம கட்டுமரத்தை வெள்ளக்காரன் வாயில போட்டு மென்னான். அவன் துப்பினதை நீ பொறுக்கியாந்து என்கிட்டயே காட்டற. அது மேல குந்திக் கடலுக்குப் போனவன்டா நானு. அன்னிக்கு எவனும் அதுக்கு ஒரு கும்புடு போடல.

தெளிய வைக்க மாட்டாங்களாம், கலங்கலாவே குடுப்பாங்களாம். ஈஸ்டு உசுரோட இருக்குமாம். புதுசா இருக்கறப்பவே குடிச்சிடணுமாம். சொல்றப்பவே உனக்குப் புல்லரிக்குது. ஏன் கண்ணு, இதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? பழவேற்காட்டுப் பனையைக் கேளு. பாளையைச் சீவிக் கலயம் கட்டினா, சுண்ணாம்பு தடவினது பதநீரு, தடவாதது கள்ளு. ஈஸ்டை எவனும் வாங்கிப் போடல. அதுவா வந்து குந்திக்கும், பொழுது ஏறறதுக்குள்ள நுரை கட்டும். மறுநாள் வரைக்கும் வெச்சா காடி. இதுக்கு மெனு அட்டை அடிக்கலன்னு மட்டமாப் பூடுச்சா?

பனைமரத்தடியில பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னாங்க பெரியவங்க. இன்னிக்குக் கண்ணாடிக் கிளாஸுல எதை ஊத்தினாலும் கலைன்றாங்க.

நம்ம மாநிலத்துல 1987லேந்து கள்ளு எறக்கத் தடை. பாட்டிலு விக்க மட்டும் 2003லேந்து டாஸ்மாக்கே கடை போட்டு குந்தியிருக்கு. நம்ம பழவேற்காட்டு ஏரியில பெரும்பங்கு ஆந்திராவுல கீது. அந்தக் கரையில பனையேறிக் கள்ளெறக்கினா தொழிலு, இந்தக் கரையில குத்தம். பனைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

அப்புறம் இன்னா சொன்ன, இந்தியா பேல் ஏலா? கசக்குதா? கசக்காம? இங்கிலீசுக்காரன் கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்பின பீரு வழியில கெடாம இருக்க ஹாப்ஸுன்ற கசப்புப் பூவை அள்ளிப் போட்டான். நாம மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடாக்கல? அதே கணக்கு. அவன் கருவாட்டுக்கு நீ காசு குடுத்துட்டு, எங்க வூட்டுக் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்தற.

கோதுமை பீருல வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வந்துச்சாமே? வாழைப்பழம் வேணும்னா வாழைப்பழம் துன்னேன்டா!

குடிக்காதன்னு சொன்னா நீ கேக்கவா போற? ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எந்தத் தண்ணி நல்லதுன்னு நாக்கைக் கேக்காத. விடியக்காலம் நாலு மணிக்கு வலை தூக்கற கையைக் கேளு. அது நடுங்கிச்சுன்னா கள்ளும் ஒண்ணுதான், கேட்டமரனும் ஒண்ணுதான்.

இன்னா சிரிக்கற? அடுத்த தபா போறப்போ என்னையும் கூட்டிக்கினு போ. குத்தம் சொல்றவன் ருசி பாத்துட்டுச் சொல்றதுதானே நாயம்?