இரட்டை இயங்குதளக் கணினியும் தாழம்பூச் சாட்சியும்

ஆய்வுக்களம், திருவண்ணாமலை–செஞ்சி சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர். ஆய்வுப்பொருள், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. அதில் விண்டோஸும், டெபியனை அடியொற்றி சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே ஹார்ட் டிஸ்கில் குடியிருந்தன. விண்டோஸில் படம் ஓடியது. பாஸை எழுப்புவார் இல்லாததால் அதுபாட்டுக்குத் தூங்கியது. தூங்குகிறவன் சொத்துக்கும் சேர்த்து பேக்கப் எடுப்பது எப்படி என்பதே ஆய்வுச் சிக்கல்.

இதில் முன்னோர் இரு சாரார். சி டிரைவில் உள்ளதை டி டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவோர் முதல் சாரார். சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரு துண்டுகள். டிஸ்க் போனால் அசலும் நகலும் ஒன்றாகவே போகும். இக்கொள்கையை மறுக்கத் தனிப் பத்தி வேண்டாம். எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுப்போர் இரண்டாம் சாரார், விவரமானவர்கள். ஆயினும் அவர்கள் விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறார்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 பகுதி விண்டோஸுக்குப் படிக்க வராது. சில சமயம் அதை வெற்றிடமென்று எண்ணி, ஃபார்மேட் செய்யட்டுமா என்றும் பணிவாகக் கேட்கும். லினக்ஸோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதியைப் படித்துவிடும். பங்காளிகளில் ஒருவனுக்கு மட்டுமே அடுத்த வீட்டுச் சாவி.

இனி அடிமுடி. பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டே முடி: 446 பைட் எழுப்பும் நிரல், 64 பைட் பாகப்பிரிவினைப் பத்திரம், கடைசி 2 பைட் முத்திரை. விண்டோஸை மறுபடி போட்டால் அது அந்த நிரலை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். பாஸ் உள்ளேயே இருந்தும் வாசல் இராது. பின்வந்த ஜிபிடி முறையில் பத்திரத்தின் படி ஒன்று டிஸ்கின் கடைக்கோடியிலும் உண்டு. முடியை அன்னமாய்ப் பறந்தும் அடியை வராகமாய் அகழ்ந்தும் தேடிய ஐதிகம் உள்ள வட்டாரத்தில் இது வியப்பன்று.

காலக் கணக்கும் கவனிக்கத்தக்கது. கணினிக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரமென்று நம்பும். காலை 10 மணிக்குச் சேமித்த கோப்பு 4.30 மணிக்குரியதாகப் பதிவாகும். 'புதியதை மட்டும் நகலெடு' எனப் பணித்த பேக்கப், அதைப் பழையதென்று ஒதுக்கிவிடக்கூடும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுதிய புகழ் மாணவனுக்கு; எழுதியது யாருக்கும் இல்லை.

ஆகவே இருவரையும் எழுப்பாமல், க்ளோன்ஸில்லா போன்ற ஒன்றைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் படியெடுப்பதே எம் துணிபு. முடிவில் திரையில் வெற்றிச் செய்தி வரும். அதை நம்புவோர் பலர். முடியைக் கண்டதாகப் பிரம்மனுக்காகச் சொன்ன தாழம்பூவும் அப்படித்தான் சொன்னது, பூசையிலிருந்தே விலக்கப்பட்டது. வெற்று டிஸ்க் ஒன்றில் படியை இறக்கி, விண்டோஸும் பாஸும் தனித்தனியே எழுகின்றனவா என்று பார்த்தாலொழிய அச்சாட்சி செல்லாது.

வெற்று டிஸ்க் வாங்கப் பணம் யார் தருவது என்பது மேலாய்வுக்குரியது.