கொடுப்பதற்கென்று ஒரு பழம்

தஞ்சாவூர்ப் பக்கம் பழம் வாங்குவது கொடுப்பதற்கு. தின்பதற்குத்தான் சோறு இருக்கிறதே! நிச்சயதார்த்தத் தட்டில் ஏறும்; ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் தலைமாட்டுக்குப் போகும்; அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் கிளம்பி இன்னொரு வீட்டு விசேஷத்துக்கு வந்து சேரும். காஷ்மீரிலிருந்து கும்பகோணம் வரும் ஆப்பிள், கும்பகோணத்துக்குள் சுற்றுகிற தூரம்தான் அதிகம்.

பழத்துக்கு விடுதலை ஆடிப் பதினெட்டில்தான். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்திருந்தால் (திறந்திருந்தால்!) அதற்குள் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசியோடு பழங்களையும் வைத்துக் காவேரியம்மனைக் கும்பிடுவார்கள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் அதே வாழை, கொய்யா, நாவல், பேரிக்காய், விளாம்பழம். யார் தலையிலும் கட்ட முடியாது. தின்றே ஆக வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் அன்று ஃப்ரூட் சாலட், என் பொறுப்பில். பேரிக்காயையும் கொய்யாவையும் பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை தூவி வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் பழமே சாறு விடும். எலுமிச்சையின் புளிப்பு இருப்பதால் துண்டுகள் சீக்கிரம் கறுக்காது. வாழைப்பழம் கடைசியில்தான். அதுவும் பூவன், ரஸ்தாளி பரிமாறுவதற்குள் குழைந்துவிடும். நாவல்பழத்தைக் கலக்கவே கூடாது, மேலே வைக்கலாம். கலந்தால் மொத்தமும் ஊதா மைக்கூடு. விளாம்பழம் வெல்லத்தோடு தனிக்குடித்தனம் போகட்டும். அவ்வளவுதான் சமையல், அடுப்பே வேண்டாம்.

அடுப்பு இல்லாததால் எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது. "கஸ்டர்டு ஊத்தாம என்னடா சாலட்டு?" என்றார் பெரியம்மா. கல்யாண வீட்டு மஞ்சள் குழம்பில் திராட்சையைத் துழாவிப் பழகியவர். அத்தை பேசவே இல்லை. மிளகாய்ப் பொடியையும் உப்பையும் எடுத்துவந்து கொய்யாவை மட்டும் பொறுக்கித் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார். அதை நான் ஆட்சேபிக்கவில்லை, ருசி தெரிந்தவர்.

அப்பாதான் எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம் எல்லாவற்றையும் முடித்து, தயிர்சாதத்துக்கு வந்து, கிண்ணத்தை அப்படியே அதன்மேல் கவிழ்த்தார்.

"அப்பா, அது தனியா சாப்பிடறது!"

"தயிர்சாதத்துல மாதுளை போட்டா மட்டும் வாயை மூடிக்கிட்டுத் திங்கறே?" என்றவர், அம்மா பக்கம் திரும்பினார். "அந்த மாவடு ஜாடியை இப்படித் தள்ளு."