திருடன் ஹெல்மெட் கொண்டுவருவதில்லை

காவல் நிலையம், களவு, கேமரா, லத்தி பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த வாரப் பதில்கள்.

ஆட்டோ ஓட்டுநர், மதுரை: ராத்திரி முழுக்க ரோந்து ஜீப் சுற்றிக்கொண்டே இருந்தால் திருட்டு குறையும்தானே சார்?

1972 வரை உலகமே அப்படித்தான் நம்பியது. அந்த ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் நகரப் போலீஸ் துணிந்து ஒரு சோதனையில் இறங்கியது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் ரோந்தே கிடையாது, யாராவது கூப்பிட்டால் மட்டும் வண்டி போகும். ஐந்தில் வழக்கம்போல. மிச்ச ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு வண்டிகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் களவிலும் வித்தியாசம் இல்லை, மக்களின் பயத்திலும் இல்லை.

அதனால் ரோந்தே வீண் என்று ஆகிவிடாது. குறியில்லாமல் சுற்றுவதுதான் வீண். மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மன் குழு போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தது. நூற்றில் மூன்று முகவரிகளிலிருந்து பாதி அழைப்புகள் வந்திருந்தன! பிறகு ஷெர்மனும் டேவிட் வைஸ்பர்டும் அப்படிப்பட்ட 110 இடங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி இடங்களில் மட்டும் போலீஸ் நடமாட்டத்தைக் கூட்டினார்கள். அங்கே தகராறுகள் குறைந்தன. ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? அந்தத் தரவை ஆராய்ந்த கிறிஸ்டோபர் கோப்பர் சொன்ன கணக்கு 10 முதல் 15 நிமிடம். அதற்கு மேல் நின்றால் பலன் கூடுவதில்லை.

உங்கள் ஸ்டாண்டில் கேட்டால் எந்த முக்கு, எந்த டாஸ்மாக் வாசல், எத்தனை மணி என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஜீப் அங்கே நிற்கட்டும். உள்ளே இருப்பவர் இறங்கி நிற்கட்டும்.

கல்லூரி மாணவர், கோவை: ஹெல்மெட் போடாதவனைப் பிடிக்க பத்து போலீஸ் நிற்கிறார்கள். பைக் திருடனைப் பிடிக்க ஆளில்லை. இது நியாயமா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மேற்கு ஜெர்மனியில் 1980இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அபராதம் வந்தது. அந்த ஆண்டு அங்கே திருடுபோன மோட்டார் சைக்கிள்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 1986இல் ஏறக்குறைய 54,000. தலையைக் காப்பாற்றப் போட்ட சட்டம் வண்டியையும் சேர்த்துக் காப்பாற்றியது!

காரணம் எளிது. பல பைக் திருட்டுகள், நிற்கும் வண்டியைப் பார்த்ததும் வருகிற சபலம். சபலப்படுகிறவன் கையில் ஹெல்மெட்டோடு அலைவதில்லை. வெறுந்தலையோடு போனால் முதல் சிக்னலிலேயே நிறுத்துவார்கள். சரி, அத்தனை பேரும் கார் திருடப் போயிருப்பார்களே என்றால், அப்படியும் நடக்கவில்லை. ஒரு வாசலை அடைத்தால் திருடன் அடுத்த வாசலுக்குப் போவான் என்று நாம் நினைக்கும் அளவுக்கு அவர்கள் விடாப்பிடியானவர்கள் அல்ல. பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாமக்கல்: தண்டனையைப் பல மடங்கு கடுமையாக்கினால்தானே பயம் வரும்?

தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற நிச்சயமே மனிதனைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764இலேயே எழுதினார். ராஜஸ்தானில் குடித்துவிட்டு ஓட்டுவோரைப் பிடிக்க நடந்த ஒரு சோதனை அதைக் கண்முன் காட்டியது. சில ஊர்களில் ஒரே இடத்தில் சோதனைச் சாவடி. சில ஊர்களில் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மாறிய ஊர்களில் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு விபத்துச் சாவு 25 சதவீதமும் குறைந்தன. மாறாத இடத்தில் பலன் இல்லை. எந்தச் சந்து வழியாகச் சுற்றிப் போவது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அபராதத் தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான் ஐயா.

பள்ளி ஆசிரியை, தருமபுரி: பெண்களுக்கு எதிரான வழக்குகள் கூடிவிட்டதாகச் செய்தி படித்தேன். மகளை வெளியூர் அனுப்பவே பயமாக இருக்கிறது.

மகளை அனுப்புங்கள் அம்மா. அந்தச் செய்தியை இன்னொரு முறை படியுங்கள். கூடியது வழக்கு. குற்றம் கூடியதா என்பது வேறு கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவேட்டில் ஏறியதை மட்டும்தான். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பெண் எந்தக் கணக்கிலும் இல்லை.

மத்தியப் பிரதேசத்தில் 12 மாவட்டங்களின் 180 காவல் நிலையங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சில நிலையங்களில் பெண்களுக்கென்று உதவி மேசை. சிலவற்றில் அந்த மேசையை நடத்துவதும் பெண் காவலர்களே. மீதியில் பழையபடி. மேசை போட்ட இடங்களில் பெண்களின் புகார்கள் அதிகம் பதிவாகின. முதல் தகவல் அறிக்கை கூடியது முக்கியமாகப் பெண் காவலர் உட்கார்ந்த மேசையில். அந்த ஊர்களின் ஆண்கள் திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. கேட்க ஒரு காது கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு பள்ளமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. நாட்டுக்கே முன்மாதிரி என்று நாம் பெருமைப்படும் விஷயம் அது, பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் ஹரியானாவின் மகளிர் நிலையங்களை நிர்விகார் ஜஸ்ஸல் ஆராய்ந்தபோது, தனி நிலையம் வந்ததும் சாதாரண நிலையங்கள் பெண்களைக் கைகழுவத் தொடங்கியது தெரிந்தது. "இது மகளிர் ஸ்டேஷன் கேஸ், அங்கே போம்மா." அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். போனால் வழக்குக்குப் பதிலாகப் பேசி அனுப்பிவைப்பது. மத்தியப் பிரதேசத்துப் பாடம் இதற்கு நேர் எதிர்: மேசை, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலையத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நம் ஊரில், புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது பழக்கம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரே சொன்னால் எப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்ப முடியாது. இதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு: எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து 16 கேமரா மாட்டினோம். இனி நிம்மதியாகத் தூங்கலாமா?

பாதித் தூக்கம் தூங்கலாம். நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கேமரா வைத்த இடங்களில் குற்றம் மொத்தத்தில் 13 சதவீதம் குறைந்திருந்தது. பலன் அதிகம் தெரிந்தது வண்டி நிறுத்துமிடங்களில். அடிதடி, வெட்டுக்குத்தில் பலன் இல்லை. ஆத்திரத்தில் இருப்பவன் மேலே பார்ப்பதில்லை. யாராவது உட்கார்ந்து திரையைப் பார்க்கிற ஏற்பாடு இருந்தால் கேமராவுக்கு மதிப்பு கூடுகிறது.

உங்கள் சங்கம் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் நிலையத்தில் நடந்த சித்திரவதையை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், கேமராப் பதிவு அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். அதில் உயிரிழந்தவர்களும் கடைக்காரர்கள்தாம். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் லாக்கப் உட்பட கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு என்று உத்தரவிட்டது. தெருவில் கேமரா மாட்டியவர்களுக்கு, நிலையத்தில் இருக்கும் கேமரா ஓடுகிறதா என்று கேட்கும் உரிமையும் பொறுப்பும் இருக்கிறது.

குடும்பத் தலைவி, காரைக்குடி: போன மாதம் எங்கள் வீட்டில் திருட்டு. எடுத்துப் போக இனி ஒன்றுமில்லை, திரும்ப வரமாட்டான்தானே?

வரலாம். கவனமாக இருங்கள். ஒருமுறை திருடுபோன வீட்டில் அடுத்த சில வாரங்களில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். வழி தெரியும், பின்கதவு தெரியும், நீங்கள் புதிதாக வாங்கி வைப்பீர்கள் என்பதும் தெரியும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்கோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் இதைக் கண்டுபிடித்தவர்கள், திருடுபோன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பூட்டை மாற்றினார்கள். காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் எடுக்கும் பெட்டிகள் வீட்டுக்குள் இருந்தன, அவற்றைக் கழற்றினார்கள். திருட்டு மளமளவென்று இறங்கியது. பின்கதவுத் தாழ்ப்பாளை இந்த வாரமே மாற்றுங்கள். எதிர்வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஸ்ரீரங்கம்: 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் மிரட்டினால் என்ன செய்வது?

போனை வையுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தாமதிக்கும் அந்த ஒரு ராத்திரிதான் மோசடிக்காரர்களின் முதலீடு.

மென்பொருள் பொறியாளர், சென்னை: குற்றம் எங்கே நடக்கும் என்று கணினியே முன்கூட்டிச் சொல்லிவிடுமாமே?

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் பல ஆண்டு அந்த மென்பொருளைப் பயன்படுத்திவிட்டு 2020இல் கைவிட்டது. சாண்டா குரூஸ் நகரம் அதே ஆண்டு தடையே போட்டது. கணினிக்குத் தீனி பழைய பதிவேடு. எந்தச் சேரியில் போலீஸ் அதிகம் நின்றதோ அங்கே வழக்கு அதிகம். வழக்கு அதிகம் என்பதால் மறுபடி அங்கேயே போ என்கிறது.

பிறப்பை வைத்தே குற்றவாளி என்று எழுதிவைக்கும் பட்டியல் நமக்குப் புதிதல்ல. உசிலம்பட்டிப் பக்கம் 'ரேகைச் சட்டம்' (பிரிட்டிஷாரின் குற்றப் பரம்பரைச் சட்டம்) என்றால் இன்றும் பெரியவர்கள் முகம் மாறும். அந்தச் சட்டத்தை எதிர்த்து ரேகை பதிய மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். இடத்தைக் குறிப்பது வேறு, ஆளைக் குறிப்பது வேறு. நிரல் எழுதுகிற உங்களைப் போன்றவர்கள்தான் இந்தக் கோட்டைக் காக்க வேண்டும்.

வாசகர், தூத்துக்குடி: நாலு ரவுடிகளை என்கவுன்டர் செய்தால் ஊரே அமைதியாகும். ஏன் எதிர்க்கிறீர்கள்?

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் மருத்துவர் கொலையில் பிடிபட்ட நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் போலீஸ் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், அவர்கள் கொல்லும் நோக்கத்தோடு சுடப்பட்டார்கள் என்றது. அவர்களில் மூன்று பேர் சிறார்கள் என்றும் சொன்னது. நீதிமன்ற விசாரணை நடக்கவேயில்லை. உண்மையான குற்றவாளிகள் அவர்கள்தானா என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கும் அது நீதியில்லை. அதனால்தான் எதிர்க்கிறேன்.

தந்தை, விழுப்புரம்: மகன் தறுதலைக் கூட்டத்தோடு சேர்கிறான். ஒருநாள் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் திருந்துவானா?

அமெரிக்காவில் ராவே சிறையில் அதைத்தான் செய்தார்கள். அதைப் பற்றி 1978இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. பிறகு ஆய்வாளர்கள் முறையாக ஒப்பிட்டபோது, சிறையைப் பார்த்துவந்த பையன்கள் பார்க்காத பையன்களைவிட அதிகமாகக் குற்றத்தில் விழுந்திருந்தார்கள். பயமுறுத்தல் அவர்களுக்குச் சவாலாகிவிட்டதோ என்னவோ.

லைபீரியாவின் மன்ரோவியாவில் 999 இளைஞர்களிடம் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் மனப்பயிற்சி: கோபம் வரும்போது நிதானிப்பது, நாளையை யோசிப்பது. பிறகு 200 டாலர் பணம். பத்து ஆண்டு கழித்தும் அவர்களிடம் திருட்டும் வன்முறையும் ஏறக்குறைய பாதியாக இருந்தன. மகனோடு தினமும் உட்கார்ந்து பேசும் ஒரு பெரியவர், சித்தப்பாவோ கபடிப் பயிற்சியாளரோ, கிடைக்கிறாரா பாருங்கள்.

காவலரின் மனைவி, திண்டுக்கல்: வார விடுப்பு என்று அறிவித்தார்கள். என் வீட்டுக்காரர் பாரா, பந்தோபஸ்து என்று ஒரு ஞாயிறுகூட வீட்டில் இல்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. ராஜஸ்தானில் 162 நிலையங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு இதையும் சோதித்தது. காவலர்களுக்குக் கொடுத்த பயிற்சி பலன் தந்தது. வார விடுப்பு நிலைக்கவில்லை. காரணம், ஒவ்வொரு வாரமும் அதைக் கொடுக்க வேண்டியவர் நிலைய அதிகாரி. அறிவிப்பு தலைநகரில் வருகிறது, டூட்டி போடுவது நிலையத்தில். எத்தனை பேருக்கு இந்த வாரம் விடுப்பு கிடைத்தது என்று மாவட்டக் கண்காணிப்பாளர் வாராவாரம் கேட்டால் மாறும். தூங்காத மனிதரிடம் நாம் பொறுமையை எதிர்பார்க்கிறோம். அது அநியாயம்.

எஸ்.ஐ. தேர்வுக்குப் படிப்பவர், தென்காசி: வேலைக்குப் போன முதல் நாள் நான் என்ன செய்ய வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று பார்க்கும் 60 வாகனச் சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதியில் வழக்கம்போல 'ஊது, போ'. பாதியில் காவலர் ஓரிரு நிமிடம் பேசினார்: ஏன் நிறுத்துகிறோம், குலுக்கலில் வந்தீர்கள், உங்கள்மீது சந்தேகம் இல்லை, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, நன்றி. அப்படிப் பேசப்பட்டவர்கள் போலீசை அதிகம் மதித்தார்கள், ஒத்துழைக்கத் தயார் என்றார்கள்.

எனக்கு இது புத்தகத்தில் மட்டும் தெரிந்ததில்லை. அம்மாவின் சங்கிலியை எவனோ பறித்துக்கொண்டு போன அன்று அவரை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எழுத்தர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். "மொதல்ல தண்ணி குடிங்கம்மா, அப்புறம் சொல்லலாம்" என்றார். சங்கிலி கடைசி வரை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எங்கள் தெருமுனையில் முன்பின் தெரியாத ஒரு வண்டி இரண்டு நாள் நின்றபோது, அதன் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தவர் அம்மாதான்.